மெஷினில் இல்லாத கோளாறு

அந்த வெல்டிங் மெஷின் என் கடைக்கு வரும்போதெல்லாம் ஒரு சாப்பாட்டு மேசை விரிப்பைப் போர்த்திக்கொண்டுதான் வரும். திராட்சைக் குலையும் அன்னாசியும் அச்சடித்த பிளாஸ்டிக் விரிப்பு. கம்பளையிலிருந்து கெலிஓயாவுக்கு ஒரு த்ரீவீல் மழையில் நனையாமல் வந்து சேருவது அபூர்வம் என்பதால், மெஷினின் சொந்தக்காரர் வீட்டு மேசையிலிருந்தே அதை உருவிக்கொண்டு வந்துவிடுவார். பின் சீட் முழுக்க மெஷின் உட்கார்ந்திருக்கும். அவர் சாரதிக்குப் பக்கத்தில் பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு நனைந்தபடி வந்து இறங்குவார். மனுசன் நனைஞ்சாக் காயும், மெஷின் நனைஞ்சாக் காயுமா என்று கேட்பார். அவருடைய மனைவி அந்த விரிப்புக்காக எத்தனை சண்டை போட்டிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கண்டியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையொன்றில் வேலை பழகி, பிறகு கெலிஓயாவில் சொந்தமாகக் கடை போட்டேன். மற்றவர்கள் தொடப் பயப்படுகிற வெல்டிங் மெஷின்கள்தான் என் பிழைப்பு. பொம்பளை திருத்துகிற கடையா என்று எட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பத்தில் திரும்பிப் போனவர்கள் உண்டு. போனால் போகட்டும் என்று விட்டேன். அவர்களுடைய மெஷினும் ஒருநாள் சாகத்தானே வேண்டும். செத்தது, வந்தார்கள். அப்படி எட்டிப் பார்க்காமல் நேராக உள்ளே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்த முதல் ஆள் இந்தக் கம்பளைக்காரர். அவரை நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறைக்கு எல்லோரும் அப்படித்தான் அழைப்போம். கம்பளைக் கடைத்தெருவுக்குப் பின்னால் அவருக்கு ஒரு பட்டறை இருந்தது. கேட், ஜன்னல் கம்பி, மாடிக் கைப்பிடி எல்லாம் செய்வார். ஊரில் பாதி வீடுகளின் கதவைத் திறந்தால் அவர் கை பட்ட இரும்பு கிரீச்சிடும்.

நானாவின் அகராதியில் கோளாறு என்றால் அது மெஷினுடையது. வேறு எதற்கும் எவருக்கும் கோளாறு வராது. முதல் தடவை, மெஷின் செத்துவிட்டது என்று தூக்கி வந்தார். மெஷின் என்னைவிட ஆரோக்கியமாக இருந்தது. எர்த் கிளிப்பை எங்கே மாட்டினீர்கள் என்று கேட்டேன். பெயின்ட் அடித்த கேட்டில் மாட்டியிருக்கிறார். வெல்டிங் குச்சியைப் பிடிக்கிற ஹோல்டர் வழியாகப் போன கரண்ட் அந்தக் கிளிப் வழியாகத்தானே மெஷினுக்குத் திரும்பி வரவேண்டும். பெயின்டுக்கு மேல் கடித்தால் எப்படி வரும்? போன பஸ் திரும்பி வர ரோட்டு வேணாமா நானா என்று கேட்டேன். அடுத்த தடவை, அரை மணி நேரத்தில் சூடாகி நின்றுவிடுகிறது என்றார். அன்று என் மூளை கொஞ்சம் வேலை செய்தது. மெஷினை அவரோடேயே திருப்பி அனுப்பிவிட்டு, பிறகு நானே கம்பளைக்குப் பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால், மெஷின் ஏற்கெனவே சூடாகி நின்றுபோயிருந்தது. நீளமான மெல்லிய வயரைப் பாம்புபோலச் சுருட்டி மேசைக்குக் கீழே வைத்து அதிலிருந்து கரண்ட் எடுத்திருந்தார். சுருளைத் தொட முடியவில்லை, தோசைக்கல்லாகக் கொதித்தது. வயரை விரித்துப் போட்டதும் மெஷின் மூச்சுவிட்டது. இன்னொரு முறை வெல்டிங்கில் குமிழ் குமிழாக ஓட்டை விழுகிறது என்று வந்தார். குச்சிகள் ஈரம். எங்கள் ஊர் மழையில் உப்பே கட்டியாகிவிடும், வெல்டிங் குச்சியின் பூச்சு மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்? அதற்குப் பிறகு பக்கத்துப் பேக்கரியில் பாண் இறக்கியதும், சூடாறாத போறணை அடுப்புக்குள் குச்சிகளை வைத்துக் காயவைத்து எடுப்பார். அந்தப் பேக்கரிப் பாணில் ஒருநாள் இரும்பு வாசம் வந்ததாக அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இப்படி வந்தும் போயும் சண்டை பிடித்தும் எங்களுக்குள் ஒரு உறவு உண்டாகிவிட்டது. நோன்புப் பெருநாளைக்கு வட்டிலப்பம் வரும். தீபாவளிக்கு நான் முறுக்குக் கொடுத்து அனுப்புவேன். அதிலும் குறை சொல்வார், என்னுடைய முறுக்கை விட அவருடைய மெஷினின் கம்பிக் கொயிலைக் கடிப்பது லேசாம். நான் சும்மா இருப்பேனா? கிரைண்டரை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து வேலை செய்கிற மனுசனுக்கு வாயில் ருசி எங்கே இருக்கும் என்பேன். உண்மையில் அதுதான் அவருடைய பெரிய தொல்லை. கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத் தூளை மெஷினின் விசிறி உள்ளே இழுத்துவிடும். திறந்து பார்த்தால் கல்யாண வீட்டுக்குப் பவுடர் அடித்த மாதிரி கொயில் முழுக்கக் கறுப்புத் தூள். ஊதி எடுத்து, தளர்ந்த நட்டுகளை இறுக்கி, கருகிய முனையை வெட்டிப் புது முனை போட்டுக் கொடுப்பேன். சாதாரணமாக ஒரு வெல்டிங் மெஷினுக்கு வருகிற நோய்கள் இவ்வளவுதான். பாதி நோய் மெஷினுக்கு வெளியேதான் இருக்கும். அதனால் நான் மூடியைக் கடைசியாகத்தான் கழற்றுவேன். கிளிப், கேபிள், ஹோல்டர், குச்சி, பிளக் என்று வேலை நடக்கும் முனையிலிருந்து பின்னோக்கி வருவது என் பழக்கம்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அது என்னுடையது மட்டும் இல்லை, எங்கள் பக்கத்துத் திருத்தும் கடைகள் எல்லாவற்றினுடையதும். கடைக்கு வந்த மெஷினைச் சொந்தக்காரர் தொடமாட்டார். அவர் கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீ குடிப்பார். திருத்துகிறவர்தான் குச்சியை மாட்டி, பழைய இரும்பில் ஒரு கோடு இழுத்து, உடைத்துக் காட்டி, சரியா என்று கேட்க வேண்டும். அவர் தலையாட்ட வேண்டும். அது ஒரு மரியாதை. வெல்டிங்காரரிடம் போய், எங்கே ஒரு கோடு இழுங்க பார்ப்போம் என்று கேட்டால், சமையல்காரனிடம் சோறு வடிக்கத் தெரியுமா என்று கேட்டதாகிவிடும்.

ஒரு வருடம், மழை விட்டு விட்டுப் பெய்கிற பருவத்தில், நானா புதிதாக ஒரு முறைப்பாட்டோடு வந்தார்.

"எரியிது தங்கச்சி. ஆனா பிடிக்குதில்ல."

நான் என் வரிசைப்படி எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. என் குச்சியை மாட்டி இரண்டு தகட்டை ஒட்டி, சுத்தியலால் அடித்தும் காட்டினேன். தகடு வளைந்தது, ஒட்டு விடவில்லை. தலையாட்டிவிட்டு மெஷினுக்கு விரிப்பைப் போர்த்தி எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் திரும்பவும் அதே பேச்சு. பட்டறையில் ஒட்டிய துண்டு கையோடு வருகிறதாம். இந்தத் தடவை மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு நட்டு விடாமல் இறுக்கி, மீற்றரை வைத்து எரியாத போதும் எரிகிற போதும் அளந்து பார்த்தேன். மெஷின் தன் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. அதையும் ஏற்றிக்கொண்டு போனார். மூன்றாவது தடவை அவர் வாசலில் வந்து இறங்கியபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. அவருக்கும்தான். நான் காசுக்கு ஏமாற்றுகிறேன் என்று சொல்லாமல், மற்றதெல்லாம் சொன்னார். எனக்கு வேலை மறந்து போச்சாம், கடை பெரிதானதும் கவனம் சிறுத்துப் போச்சாம். அன்று வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுதுவிட்டு அந்த வெள்ளைச் சேட்டோடேயே வந்திருந்தார். தொழுதுவிட்டு வந்த வாயால் இப்படியா பேசுவது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, ஹோல்டரைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டேன். மரியாதை, பழக்கம் எல்லாம் அந்தக் கணத்தில் போய்விட்டது. அப்ப நீங்களே ஒட்டிக் காட்டுங்க, என் கண்ணால பார்க்கிறேன் என்றேன்.

அவர் ஒரு நிமிடம் என்னை முறைத்தார். பிறகு சேட்டுக் கையை மடித்துவிட்டுக் குந்தினார். அத்தனை வருடப் பழக்கத்தில் நானா வெல்டிங் செய்வதை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. முகமூடியை நீட்டினேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். பையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டார், சும்மா வெயிலுக்குப் போடுகிற கண்ணாடி. முகமூடி போட்டால் குச்சி முனை தெரியாது என்பது அவர் வாதம். இந்த ஊர்ப் பழைய வெல்டிங்காரர்கள் பாதிப் பேர் இப்படித்தான். இரவில் கண்ணுக்குள் மண் கொட்டின மாதிரி உறுத்தும்போது, உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டி இமைமேல் வைத்துக்கொண்டு படுப்பார்கள். விடிந்தால் உறுத்தல் குறைந்திருக்கும், திரும்பவும் நெருப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். நானாவின் வீட்டில் உருளைக்கிழங்கு கறிக்கு மிஞ்சியதைவிடக் கண்ணுக்குப் போனது அதிகம் என்று அவருடைய மனைவி ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

கை அசைவைச் சொல்ல வேண்டும். அவ்வளவு அழகு. ஒரு நடுக்கம் இல்லை. இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் பார்த்து, குச்சியை ஒரே சீராக இழுத்துக்கொண்டு போனார். சத்தமும் சரியாக இருந்தது, கொதிக்கிற எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி இடைவிடாத சத்தம். முடிந்ததும் தகட்டைக் கையில் எடுத்தார். இரண்டு தகடும் இரண்டு கைக்கு வந்துவிட்டன. பார்த்தீங்களா என்பது போல என் முன்னால் போட்டார்.

நான் மேலே படிந்த கரியைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். வெல்டிங்கில் ஒரு குறையும் இல்லை. ஓட்டை இல்லை, தெறிப்பு இல்லை, ஆழமாக உருகி ஓடியிருந்தது. ஆனால் அது இரண்டு தகடும் சேருகிற இடத்தில் ஓடவில்லை. அதற்குப் பக்கத்தில், விரல் அகலம் தள்ளி, ஒரு தகட்டின் மேலேயே ஓடியிருந்தது. ஒட்ட வேண்டிய விளிம்பு அப்படியே திறந்து கிடந்தது. எர்த் போனால் பற்றாது, கரண்ட் குறைந்தால் குச்சி ஒட்டிக்கொள்ளும், குச்சி ஈரமானால் ஓட்டை விழும். ஒரு மெஷினில் வரக்கூடிய எந்தக் கோளாறும் வெல்டிங்கைப் பக்கத்தில் நகர்த்தி வைக்காது.

வேறு இரண்டு தகட்டை எடுத்துச் சேர்த்து வைத்து, நெருப்பில்லாமல், இந்த விளிம்பை விரலால் தொடுங்க நானா என்றேன். சரியாகத் தொட்டார். வெல்டிங் செய்கிற மாதிரி இடது கண்ணை மூடிக்கொண்டு தொடச் சொன்னேன். விரல் பக்கத்தில் போய் விழுந்தது. அவருக்கு அது தெரியவில்லை, என்ன விளையாட்டு இது என்று கேட்டார். நான் அவருக்கு எதிரே குந்தினேன். அந்தக் கண்ணை மூடிக்கொண்டே என் மூக்கைப் பாருங்க என்றேன்.

அவர் பார்த்தார். முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"ஒங்கட மூக்கக் காணல்ல தங்கச்சி."

காது தெரிகிறது, கொண்டை தெரிகிறது, பின்னால் மாட்டியிருக்கிற கலண்டர் தெரிகிறது, மூக்கு மட்டும் இல்லை என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். பிறகு முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். கையை நீட்டி, தன் கட்டைவிரலை நேராகப் பிடித்து, அதைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இடது கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொடுத்துவிடும். ரோட்டில் நடப்பதற்கும், சைக்கிள் ஓட்டுவதற்கும், தொழுவதற்கும் அது போதும். நெருப்பைப் பார்க்கிற நேரத்தில் மட்டும் அந்த நல்ல கண்ணை மூடிவிட்டு, நடுப்பகுதி கருகிப்போன கண்ணை நம்பி அவர் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார். கை தன் பழக்கத்தில் போய்க்கொண்டிருந்தது.

நான் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். ஆஸ்பத்திரி அவர் மனதிலேயே இல்லை. கம்பளையில் ஒரு பாலர் பள்ளிக்கு மேல்மாடி விறாந்தையின் கைப்பிடியை அந்த மாதம்தான் அவர் முடித்திருந்தார். கையோடு வராத மூட்டெல்லாம் பிடித்துவிட்டது என்று நினைத்து, கிரைண்டர் போட்டு மினுக்கி, பெயின்டும் அடித்தாயிற்று. திங்கட்கிழமை பிள்ளைகளை மேலே ஏற்றப்போகிறார்கள். பிறகு எழுந்து, மெஷினையும் விரிப்பையும் அப்படியே விட்டுவிட்டு, மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் கடையைத் திறக்காமல் கம்பளைக்குப் பஸ் ஏறினேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை. பாலர் பள்ளியில் மாடிப்படிக்கு முன்னால் பிள்ளைகள் உட்காருகிற சின்னச் சின்ன வாங்குகளைக் குறுக்கே அடுக்கி வழியை மறித்திருந்தார்கள். மேலே தட்டுகிற சத்தம் கேட்டது. நானா ஒரு சின்னச் சுத்தியலோடு கைப்பிடி ஓரமாக முழங்காலில் நகர்ந்து, ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். பிடித்த கம்பி கணீரென்று பேசும். பிடிக்காதது செத்த சத்தம் போடும். செத்த சத்தம் வந்த இடத்தில் சோக்கால் ஒரு கோடு. ஆரம்பத்து மூலையில் சில கம்பிகளைத் தவிர, விறாந்தையின் நீளத்துக்கும் வெள்ளைக் கோடுகள். நான் ஒரு கம்பியைப் பிடித்து லேசாகத் தள்ளினேன், அடியிலிருந்து அசைந்தது. பிள்ளைகள் சாய்ந்து நின்று கீழே எட்டிப் பார்க்கிற உயரம் அது.

பள்ளியின் டீச்சர் படியில் பாதியில் நின்றுகொண்டிருந்தார். விவரம் கேள்விப்பட்டு ஓடிவந்தவர். நான்தான் மெஷின் திருத்துகிறவள் என்று தெரிந்ததும், மெஷின் பழுதாமே, அதனாலதானா என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் நானா பதில் சொன்னார்.

"மெஷின் நல்லா ஈக்கி டீச்சர். என்ட கண்ணுதான் பழுது."

அத்தனை வருடத்தில் அந்த மெஷினை அவர் நல்லது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதை இப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. டீச்சர் தேத்தண்ணி ஊற்றுவதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

கண்டி ஆஸ்பத்திரியில் பிறகு என்ன சொன்னார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலது கண்ணின் நடுப்பகுதி போனது போனதுதான். இடது கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது, அதை வெட்டி எடுத்துச் சரி செய்தார்கள். அந்தக் கண்ணாவது மிஞ்ச வேண்டுமென்றால் இனிமேல் அந்த வெளிச்சத்தைப் பார்க்கவே கூடாது என்று டொக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் தலையாட்டினார். ஹோல்டரை அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. இன்று என் கடைக்கு மெஷின் கொண்டு வருகிறவர்கள் யாராக இருந்தாலும், பிளேன்டீ கொடுத்ததும் ஹோல்டரையும் கையில் கொடுத்துவிடுவேன். நான் ஒட்டிக் காட்ட மாட்டேன், நீங்க ஒட்டுங்க என்பேன். சிலருக்குக் கோபம் வரும், முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. போகட்டும். நான் தகட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்களுடைய கண்ணைப் பார்க்கிறேன். இரண்டு பேரை அப்படிக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியும் இருக்கிறேன், ஒருவர் நேரத்தோடு போய்க் கண்ணைக் காப்பாற்றிக்கொண்டார்.

ஆனால் நானாவை நினைத்தால் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருவதில்லை. அந்தச் சனிக்கிழமை பகல்தான் வருகிறது. டீச்சர் போனதும் நானா சோக்குக் கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, இருங்க தங்கச்சி, ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனார். அந்த ஆள் அவருடைய மனைவியின் தம்பி, அவருக்கு மச்சான் முறை, அவரிடம் இருந்து பிரிந்துபோய் அதே தெருவில் வேறு பட்டறை போட்டவர். கையில் தூக்கிக்கொண்டு போகிற சின்ன மெஷின் வைத்திருந்தார் என்பதற்காக நானா அவரைப் பொம்மைக் கடைக்காரன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர். பெருநாளைக்குக் கூட இரண்டு பேரும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போவதில்லை. நானா அவரைத்தான் கூட்டி வரப்போகிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்த மனிதர் சின்ன மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் படியேறி வந்தபோதுதான் புரிந்தது. என்ன பேசினார்கள், எப்படிக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சோக் கோடு போட்ட மூட்டுகளை எல்லாம் நானாவே கிரைண்டரால் வெட்டினார், தான் மினுக்கியதைத் தானே வெட்டினார். மச்சான் முகமூடியை இறக்கிக்கொண்டார். கம்பியை நேராகப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். நான் போனேன், நானா என்னைத் தள்ளிவிட்டு அவரே முழங்காலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். நெருப்புப் பற்றியது. நானா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டிருந்தார். பொறி பறந்து கையில் விழுந்தும் கை அசையவில்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"மச்சான், நடுவுல ஓடுதா?"

குச்சி தீர்ந்து நெருப்பு நின்றதும், அந்த மனிதர் முகமூடிக்குள்ளிருந்தே சொன்னார்.

"நடுவுலதான் ஓடுது மச்சான். நீங்க கண்ணத் தொறக்காதீங்க."

நானா கண்ணைத் திறக்கவில்லை. அடுத்த கம்பிக்குக் கையால் தடவித் தடவி நகர்ந்தார்.